ஓய்வுக்குப் பிறகு கும்பகோணம்: வீடு, வைத்தியம், பொழுது பற்றி ஒரு முழு வழிகாட்டி

எங்கள் முதல் வாடகை வீட்டுக்குத் தெருவிலிருந்து ஐந்து படி ஏற வேண்டும். பார்க்கப் போன அன்று நான் அந்தப் படிகளை எண்ணவில்லை. திண்ணையைப் பார்த்தேன், மரத்தூணைப் பார்த்தேன், மித்தம் (நடுமுற்றம்) வழியாகக் கூடத்தில் வெயில் விழுந்த அழகைப் பார்த்தேன். அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிட்டேன். குடிவந்த நான்காம் மாதம் மனைவிக்கு இடது முழங்கால் வீங்கியது. கழிப்பறை கொல்லையில் இருந்தது. கூடத்திலிருந்து இரண்டு நிலைப்படி தாண்டி, சமையலறை வழியாகப் பின்கட்டுக்குப் போய், அங்கிருந்து திறந்த வெளியில் பத்தடி நடக்க வேண்டும். ஐப்பசி மழையில் ராத்திரி இரண்டு மணிக்கு நான் முன்னால் டார்ச் அடித்துக்கொண்டு போக, அவள் ஒரு கையில் குடையும் மறு கையில் சுவருமாகப் பின்னால் வருவாள். தை பிறந்ததும் வீடு மாறினோம்.

அந்த வீட்டைத் தேர்ந்தெடுத்தது 60 வயதில் நல்ல காலோடு இருந்த நான். அதில் குடியிருக்கப் போகிறவருக்கு ஒருநாள் 75 ஆகும். கீழே சொல்லும் ஒவ்வொன்றையும் அந்த 75 வயதுக்காரருக்காகப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் ஒரே வேண்டுகோள்.

முதல் படி: ஊர் உங்களுக்கு ஒத்துவருமா

2011 கணக்கெடுப்பில் கும்பகோணத்தின் மக்கள்தொகை சுமார் 1.4 லட்சம். 2021-இல் மாநகராட்சியானது. பெயர்தான் மாநகராட்சி, நடையும் பேச்சும் இன்னும் நகராட்சிக் காலத்தவை. வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் கோயில்கள். பெரும்பாலான வேலைகளை ஒன்றரை கிலோமீட்டருக்குள் முடித்துவிடலாம். எனக்குப் பிடித்தது அதுதான்.

பிடிக்காதவையும் உண்டு. சித்திரை வைகாசியில் புழுக்கம் ஆளைக் கொல்லும். கொசு வருடம் முழுக்க. மார்கழியில் விடிவதற்கு வெகுமுன்பே ஒலிபெருக்கி தொடங்கிவிடும். பக்தி இருந்தால் அது சங்கீதம். தூக்கம் வராமல் புரண்டு அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தால் வேறு. கோயிலை ஒட்டி வீடு வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஒரு திருவிழா வாரம் அங்கே தங்கிப் பார்க்கட்டும். சுபமுகூர்த்த நாட்களில் கடைவீதிப் பக்கம் ஆட்டோ நகராது. மற்றபடி, சென்னையில் 30 வருடம் இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு முதல் மாதம் சொர்க்கமாகவும் மூன்றாம் மாதம் வெறுமையாகவும் தெரியும். ஆறாம் மாதத்துக்குப் பிறகு என்ன தெரிகிறதோ அதுதான் உண்மை.

போக்குவரத்து பற்றிச் சுருக்கமாக: சென்னைக்கு ராத்திரி உழவன், பகலில் சோழன் எக்ஸ்பிரஸ். தஞ்சாவூர் 40 கிலோமீட்டர். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் திருச்சி விமான நிலையம் சுமார் 100 கிலோமீட்டர். ரயிலில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது. கீழ்ப் படுக்கைக்கான ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதிலிருந்து. அது தனியாகவோ இருவராகவோ பயணம் செய்கிறவர்களுக்குத்தான். குடும்பத்தோடு ஒரே டிக்கெட்டில் நான்கு பேராகப் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் வராது. தாத்தா பாட்டிக்குத் தனி டிக்கெட் போடுங்கள்.

இரண்டாம் படி: ஒரு வருடம் வாடகைக்கு இருங்கள்

சென்னை வீட்டை விற்ற பணம் கையில் இருக்கும்போது இந்த வார்த்தை யாருக்கும் ஏறாது. எனக்கும் ஏறியிருக்காது, பணம் அப்போது வங்கி வைப்பில் மாட்டியிருந்ததால் தப்பித்தேன். ஒரு ஐப்பசி கார்த்திகை மழையும் ஒரு கத்திரி வெயிலும் பார்க்காமல் இங்கே வீடு வாங்காதீர்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும், எந்தத் தெருவில் சாக்கடை பொங்கும் என்று தரகர் சொல்லமாட்டார், மழை சொல்லும். ஊரில் பாதாளச் சாக்கடை உண்டு. ஆனால் நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு இணைப்பு இருக்கிறதா என்று தனியாகக் கேட்க வேண்டும். பழைய வீடுகளில் இன்னும் கொல்லையில் கழிவுநீர்த் தொட்டி இருக்கலாம்.

வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிய வேண்டும். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. வீட்டுக்காரர்கள் பத்து மாதம் கேட்பார்கள். சட்டத்தைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், ஐந்துக்கு இறங்கிவருவார்கள். எப்போது, எத்தனை நாளில் திரும்பத் தருவார்கள் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

இன்னொன்று. அக்ரகாரத் தெருக்களில் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி வாடகையைப் பற்றியதாக இருக்காது. "சைவம்தானே?" என்று ஆரம்பித்து எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். அந்த விசாரணை பிடிக்காதவர்கள் புதிய நகர்ப் பகுதிகளைப் பாருங்கள், நிம்மதி.

மூன்றாம் படி: எந்தப் பகுதி

வரைபடத்தை வைத்துத் தேடாதீர்கள். நடந்து தேடுங்கள். பால், காய்கறி, மருந்துக்கடை, ஏதாவது ஒரு கோயிலோ பூங்காவோ, ஆட்டோ நிற்கும் இடம். இந்த ஐந்தும் பத்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். அதுவும் உங்கள் நடையில்லை, உங்கள் மனைவியின் நடையில்.

மகாமகக் குளத்தைச் சுற்றிய தெருக்கள் இதற்கு மிக வசதி. பேருந்து நிலையமும் ரயில் நிலையமும் எட்டிய தூரம். குளத்தைச் சுற்றியுள்ள 16 மண்டபங்களையும் பார்த்தபடி காலையில் நடக்கலாம், காசி விசுவநாதர் கோயில் அங்கேயே இருக்கிறது. வாடகையும் அதற்குத் தக்கபடி. சாரங்கபாணி, சக்கரபாணி, கும்பேஸ்வரர் கோயில் வீதிகளில் பழைய வீடுகள் அதிகம். அழகும் அதிகம், படியும் அதிகம். கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தெருக்கள் சரிவராது.

மேலக்காவேரி, செட்டிமண்டபம், அண்ணலக்ரஹாரம், ஜான் செல்வராஜ் நகர் போன்ற இடங்களில் தனி வீடுகளும் புதிய அடுக்குமாடிகளும் கிடைக்கின்றன. தாராசுரம் இப்போது மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. காய்கறி மார்க்கெட்டும் அங்கேதான், 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஐராவதேஸ்வரர் கோயிலும் அங்கேதான். நான் இப்போது இருப்பது அந்தப் பக்கம். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கோயில் புல்வெளியில் போய் உட்கார்ந்தால் ஆறரை மணிவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அடுக்குமாடி என்றால் லிஃப்ட் இருக்கிறதா என்பதோடு நிற்காதீர்கள். கரண்ட் போனால் லிஃப்ட் ஓட ஜெனரேட்டர் இருக்கிறதா, அதற்கு டீசல் யார் போடுகிறார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு மௌனம் பதிலாக வந்தால் தரைத்தளம் பாருங்கள்.

நான்காம் படி: வீட்டுக்குள் பார்க்க வேண்டியவை

தெருவிலிருந்து கழிப்பறைவரை ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு நடப்பதுபோல நடந்து பாருங்கள். எத்தனை படி, எத்தனை நிலைப்படி, எங்கே தரை வழுக்குகிறது. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள் நீளவாக்கில் போகும்: திண்ணை, ரேழி (வாசல் நடை), கூடம், மித்தம், பின்கட்டு, கொல்லை. ரயில் பெட்டி மாதிரி. குழந்தைகள் ஓடி விளையாட அருமை. மித்தத்தின் விளிம்பில் ஈரம் பட்டால் வயதானவர்களுக்கு ஆபத்து.

வீடு பிடித்துவிட்டது, மாற்றங்கள் செய்யலாம் என்று வீட்டுக்காரரும் சம்மதித்தால் முதலில் செய்ய வேண்டியது படுக்கையறையை ஒட்டி ஒரு வெஸ்டர்ன் கழிப்பறை. அதில் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கும் இடத்தில் ஒன்று என்று இரண்டு கைப்பிடிகள். கைப்பிடியை டைல்ஸுக்கு மேல் சின்ன ஸ்குரூவில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சுவருக்குள் ஆழமாகத் துளையிட்டு மாட்டச் சொல்லி, கொத்தனார் போவதற்குமுன் உங்கள் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பாருங்கள். எங்கள் கொத்தனார் சிரித்தார். பிடி கையோடு வந்ததும் சிரிப்பு நின்றது. குளியலறைத் தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ், அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவே ராத்திரி முழுக்க எரியும் ஒரு சிறு விளக்கு, எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை, இன்வர்ட்டர். இவ்வளவு போதும். மாடுலர் கிச்சனைப் பிறகு, பணம் மிச்சமிருந்தால் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: வாங்குவதாக இருந்தால்

இங்கேதான் வெளியூர்க்காரர்கள் மாட்டிக்கொள்கிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாம் வருடம் ஒரு வீடு விலைக்கு வந்தது. நல்ல காற்று, இரண்டு பக்கமும் தெரு, விலையோ அக்கம்பக்கத்தைவிடக் கணிசமாகக் குறைவு. ஏன் குறைவு என்று தரகரிடம் கேட்டேன். "அவசரத் தேவை சார், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும்" என்றார். பத்திர நகல் வந்தது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. தற்செயலாகத்தான் எதிர்வீட்டுப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "வாங்குங்கோ, நல்ல வீடு. தரை வாடகை மாசாமாசம் ஒழுங்காக் கட்டிடுங்கோ, போதும்" என்றார். எந்தத் தரை வாடகை? "கட்டடம்தானே சார் இவங்களோடது. அடிமனை கோயிலுக்கு."

கும்பகோணம் மாதிரிக் கோயில் நகரங்களில் எத்தனையோ வீடுகள் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமான மனையில் நிற்கின்றன. மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருப்பார்கள், சொத்துவரி கட்டுவார்கள், கரண்ட் இணைப்பு அவர்கள் பெயரில் இருக்கும். மனை மட்டும் அவர்களுடையது கிடையாது. அதை வாங்கினால் நீங்கள் வாங்குவது கட்டடத்தையும் வாடகைதாரராக இருக்கும் தொடர்ச்சியையும்தான். வாடகை திருத்தப்படும்போது பாக்கி சேர்ந்து பெரிய தொகையாக நிற்கலாம், பெயர் மாற்றத்துக்கு அறநிலையத்துறையின் அனுமதி வேண்டும், வங்கி கடன் கொடுக்கத் தயங்கும், நாளை உங்கள் பிள்ளைகள் விற்க நினைத்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய முடியாமல் போகலாம். தெரிந்தே இருப்பவர்கள் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். தெரியாமல் வாங்குகிறவர்களுக்குத்தான் சங்கடம்.

ஆகவே வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதீர்கள். அது பதிவான பரிமாற்றங்களைத்தான் காட்டும்; மனை யாருடையது என்ற மூலத்தைச் சொல்லாது. நகர எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், அதாவது டி.எஸ்.எல்.ஆர். நகலை வாங்குங்கள். அதில் உரிமையாளர் பெயர் இருக்கும் கட்டத்தில் தேவஸ்தானம், மடம், கட்டளை (கோயில் பூசைக்கான அறக்கொடை) என்று ஏதாவது வார்த்தை இருந்தால் அங்கேயே நின்றுவிடலாம். தாய்ப்பத்திரத்திலும் (சொத்தின் முந்தைய பத்திரம்) "கட்டடம் மட்டும்" என்ற சொல் எங்கேயாவது வருகிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். உள்ளூர் வக்கீலிடம் கருத்துரை வாங்குவது செலவுதான். விற்கிறவர் சிபாரிசு செய்யும் வக்கீலாக மட்டும் இருக்கக்கூடாது. இவ்வளவுக்கும் மேல் எதிர்வீட்டுப் பெரியவரிடம் பேசுங்கள்.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்கு இப்போதே எழுதிவைக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி, எங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைத் தானமாகக் கொடுத்து, அவர்கள் பராமரிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். நிபந்தனை பத்திரத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வழக்கு சுலபம். பத்திரம் எழுதுகிறவர் "அதெல்லாம் எதுக்கு சார், சொந்தப் புள்ளைதானே" என்பார். எழுதச் சொல்லுங்கள். பராமரிப்புத் தொகை கேட்டு மனுக் கொடுக்க வேண்டியவர் கோட்டாட்சியர். அவர் மாதம் 10,000 ரூபாய்வரை உத்தரவிடலாம். கும்பகோணத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது.

ஆறாம் படி: முதியோர் குடியிருப்பு வேண்டுமென்றால்

காவிரிக் கரைப் பக்கம் சாப்பாட்டோடு கூடிய மூத்தோர் குடியிருப்புகள் பெருகிவருகின்றன. சில நன்றாக நடக்கின்றன. விளம்பரத்தில் யோகா மண்டபமும் கோசாலையும் காட்டுவார்கள். நீங்கள் மூன்று கேள்விகள் மட்டும் கேளுங்கள். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, வேறு இடம் பார்க்கச் சொல்வீர்களா? எங்களில் ஒருவர் போய்விட்டால் மற்றவருக்கு வாடகையும் சாப்பாட்டுக் கட்டணமும் எவ்வளவு? நாங்கள் விட்டுப்போனால் வைப்புத்தொகையில் எவ்வளவு, எத்தனை நாளில் திரும்ப வரும்? மூன்றுக்கும் பதில் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும், மேனேஜரின் வாயில் இருந்தால் போதாது. இல்லம் சமூக நலத்துறையில் பதிவானதா என்று பாருங்கள்.

அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஞாயிறு மதியச் சாப்பாடு எல்லா இடத்திலும் நன்றாகத்தான் இருக்கும்.

ஏழாம் படி: காகித வேலை

ஆதார் முகவரி, வாக்காளர் பட்டியலுக்கு 8-ஆம் படிவம், ரேஷன் அட்டை, கேஸ் இணைப்பு. இதை இந்த வரிசையில் செய்தால் ஒன்று அடுத்ததற்குச் சான்றாகும். வயதானவர்கள் வீட்டுக்கே ரேஷன் பொருட்களைக் கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. அட்டை இங்கே மாறியிருந்தால்தான் அது உங்கள் வாசலுக்கு வரும்.

மாநில அரசு ஓய்வூதியர்கள் சார்கருவூலத்தை மாற்றிக்கொள்ள விண்ணப்பிக்க வேண்டும். வருடாந்தர நேர்காணல் உங்களுக்கு எந்த மாதம் என்பதையும் அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ்சான்று நவம்பரில், 80 தாண்டியவர்களுக்கு அக்டோபரிலேயே கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியர்களுக்கு மாதக் கட்டுப்பாடு இல்லை, கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். இதற்காக வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அஞ்சல்காரர் கருவியோடு வீட்டுக்கு வந்து, ஆதார் வழியாகச் சான்றைப் பதிந்துவிட்டுப் போவார். கைரேகை தேய்ந்தவர்களுக்கு முகத்தைக் காட்டிப் பதியும் வழியும் உண்டு. என் மாமியாருக்கு அப்படித்தான் ஆயிற்று. போட்டோ எடுக்கிறார்கள் என்று நினைத்துத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

வங்கியைப் பொறுத்தவரை ஊருக்குக் குறையில்லை. 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கியின் தலைமையகமே இங்கேதான். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம்வரை போடலாம், வட்டி காலாண்டுக்கு ஒருமுறை வரும், தலைமை அஞ்சலகத்திலும் போடலாம். எல்லாக் கணக்குக்கும் நாமினி இருக்கிறாரா என்று ஒருநாள் உட்கார்ந்து சரிபாருங்கள். போனில் போலீஸ் யூனிஃபார்மில் முகம் காட்டி "உங்கள் பார்சலில் போதைமருந்து" என்று யாராவது மிரட்டினால் வைத்துவிடுங்கள்; பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930.

எட்டாம் படி: வைத்தியம்

குடிவந்த முதல் வாரத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு குடும்ப டாக்டரைப் போய்ப் பாருங்கள். பழைய ஃபைலை எல்லாம் கொடுத்து அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பவரா என்பது படிப்பைவிட முக்கியம்.

கும்பகோணத்தில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் ஏராளம். சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்புரை, எலும்பு முறிவு எல்லாம் இங்கேயே ஆகிவிடும். இதயம், மூளை சம்பந்தப்பட்ட பெரிய சிக்கல் என்றால் பலரையும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ அனுப்புகிறார்கள். அதனால் நான் செய்ததைச் செய்யுங்கள்: ஒரு சாதாரண நாளில், ராத்திரி பதினோரு மணிக்கு, உங்கள் வீட்டிலிருந்து தஞ்சாவூரில் நீங்கள் மனதில் வைத்திருக்கும் மருத்துவமனைவரை ஒரு டாக்ஸியில் போய்வாருங்கள். எனக்கு 55 நிமிடம் ஆனது. அந்த எண் தெரிந்திருப்பதால், நெஞ்சுவலி என்றால் விடியட்டும் என்று நான் காத்திருக்கமாட்டேன். ஆம்புலன்ஸுக்கு 108. மருத்துவ ஆலோசனைக்கு 104.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ஏழைகளுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவதோடு, தேவைப்பட்டால் பிசியோதெரபியும் வலிநிவாரணச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுங்கள்.

காப்பீடு: மாநில ஓய்வூதியர்களுக்கு அவர்களுக்கான திட்டம் இருக்கிறது, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளின் பெயரை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 70 நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பில்லாத மத்திய அரசின் 5 லட்ச ரூபாய் வய வந்தனா அட்டை 2024 அக்டோபரில் வந்தது. எந்த அட்டையாக இருந்தாலும் மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் முன்கூட்டியே போய், "இதை எடுத்துக்கொள்வீர்களா, எந்தச் சிகிச்சைக்கு?" என்று கேட்டுவிடுங்கள். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு கேட்கிற கேள்வியில்லை அது.

ஒன்பதாம் படி: அன்றாடம்

சாப்பாட்டுக்கு மெஸ்ஸிலிருந்து டிபன் கேரியர் கிடைக்கும். முதலில் ஒரு வாரம் வாங்கிப் பாருங்கள். உப்பும் எண்ணெயும் எல்லா மெஸ்ஸிலும் கொஞ்சம் தூக்கல்தான். நாங்கள் மதியத்துக்கு மட்டும் குழம்பும் கறியும் வாங்கி, சாதம் வீட்டில் வடிக்கிறோம். வேலைக்கு ஆள் கிடைக்கிறார்கள், சென்னையைவிடச் சம்பளம் குறைவு. முகூர்த்த நாட்களில் கல்யாண வேலைக்குப் போய்விடுவார்கள் என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொண்டால் கோபம் வராது. காப்பிக்கு நல்ல பொடி வாங்குங்கள். இந்த ஊர் பெயரை வைத்து எங்கெங்கோ டிகிரி காப்பி விற்கிறார்கள், இங்கே இருந்துகொண்டு மட்டமான காப்பி குடிப்பது பாவம்.

கார் ஓட்டுவதை ஒருநாள் நிறுத்த வேண்டிவரும். அதற்குமுன்பே ஒரே ஆட்டோக்காரரைப் பழக்கம் பண்ணிக்கொள்ளுங்கள், நீண்ட பயணத்துக்கு ஆக்டிங் டிரைவர் ஒருவர். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லை. என் மனைவிக்குக் கால் சரியான பிறகு, ஓசி பஸ்ஸில் சுவாமிமலை போய்வந்ததை எங்கள் தெரு முழுக்கச் சொன்னாள்.

பத்தாம் படி: பொழுது

கோயிலைத் தவிர என்ன இருக்கிறது என்று என் நண்பர் ஒருவர் கேட்டார், வந்த புதிதில். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இப்போது அவர் எங்கள் எல்லாரையும்விட அதிகம் கோயிலுக்குப் போகிறார், கல்வெட்டுப் படிக்க. தாராசுரத்தில் சுவரோரமாக உள்ள அடியார் கதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாகக் குறிப்பெடுத்து இரண்டு வருடமாக முடிக்கவில்லை. முடிக்கமாட்டார் என்றுதான் தோன்றுகிறது, முடிந்தால் அவருக்கு வேலையில்லை.

காலையில் குளக்கரை நடை. தண்ணீர் வரும் மாதங்களில் பகவத் படித்துறையிலோ டபீர் படித்துறையிலோ உட்காரலாம். வழக்கமாக மேட்டூர் ஜூன் 12-இல் திறப்பார்கள், சில நாட்கள் கழித்து இங்கே தலைத்தண்ணீர் எட்டும். ஆடிப்பெருக்கன்று படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது. பத்திரிகை படிக்க கோபால்ராவ் நூலகம். பஜனையில் ஈடுபாடு இருந்தால் கோவிந்தபுரமும் மருதாநல்லூரும் பக்கம், சங்கீதம் என்றால் தை மாதம் திருவையாறு ஆராதனைக்குக் காலையில் போய் ராத்திரி திரும்பலாம். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பதையும், சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் சிலை செய்வதையும் ஒருமுறை நின்று பாருங்கள். பேரப்பிள்ளைகள் வரும்போது கூட்டிப்போக இதைவிட நல்ல இடம் கிடையாது. நவக்கிரகக் கோயில்களுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகமே ஒருநாள் சுற்றுலாப் பேருந்து விடுகிறது. ஒன்பதையும் ஒரே நாளில் பார்ப்பது முழங்காலுக்குக் கஷ்டம், எங்களைப் போல மூன்று தவணையாகப் போகலாம்.

ராமானுஜன் வாழ்ந்த வீடு சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் தெருப் பையன்கள் நாலு பேருக்குக் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்தேன். திங்கள், புதன், வெள்ளி; ஒரு மணி நேரம்; காசு வாங்குவதில்லை, முறுக்கு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

குடியேறும் தேதி பற்றி

2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-இல். குளத்தைச் சுற்றிய வீட்டுக்காரர்கள் அந்த மாதத்தை மனதில் வைத்துத்தான் இப்போதே பேசுகிறார்கள். ஒப்பந்தம் 2028 மாசி வரை நீள்கிறதா என்று பாருங்கள், நடுவில் காலி செய்யச் சொல்ல இடமில்லாதபடி எழுதுங்கள். பன்னிரண்டு வருடம் தொடர்பில் இல்லாத உறவினர்களும் அந்தச் சமயத்தில் போன் செய்வார்கள். பாய் நிறைய வாங்கி வையுங்கள்.

கடைசியாக ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டுங்கள், தடித்த பேனாவில், கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு: 108, குடும்ப டாக்டர், ஆட்டோக்காரர், முதியோர் உதவிக்கான 14567, பிள்ளைகளின் எண்கள், இருவரின் மருந்துப் பெயர்களும் ரத்தப் பிரிவும். எங்கள் தாளில் முதல் எண் அடுத்த வீட்டு மாமியுடையது. வாசல் சாவி ஒன்று அவரிடமே இருக்கிறது. காலை ஏழுக்குள் எங்கள் வாசலில் கோலம் விழவில்லை என்றால் அவர் கதவைத் தட்டுவார். போன ஆவணியில் ஒருநாள் இருவருமே அசந்து தூங்கிவிட்டோம். ஏழே கால் மணிக்குச் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்லையே?" என்று கூடத்தில் நின்று கேட்டுவிட்டு, "சரி, பால் பொங்கப்போறது" என்று போய்விட்டார்.